குனியாதே, தூக்காதே, குதிக்காதே

ஒரு பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகிவிட்டால் போதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் டாக்டராகிவிடுகிறார்கள். குனியாதே, தூக்காதே, குதிக்காதே, படி ஏறாதே, வாய்விட்டுச் சிரிக்காதே, தண்ணீர் அதிகம் குடிக்காதே. என் வயிற்றை இரண்டு முறை கிழித்துத் தைத்திருக்கிறார்கள். முதல் முறை இந்த உபதேசங்களை ஒன்று விடாமல் கேட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தால் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

என் பெயர் பிலோமினா. நெய்வேலி டவுன்ஷிப்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். என் வீட்டுக்காரர் சவரிராஜ் தெர்மல் மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்தார். எங்களுக்கு ஒரே பையன், அப்போது திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். கம்பெனி குவார்ட்டர்ஸ், பின்னால் ஒரு முருங்கை மரம், வெளியே காயப்போட்ட துணியில் நிலக்கரித் தூள். இவ்வளவுதான் எங்கள் சொத்து. எனக்கென்று தனியாக ஒன்று இருந்தது. அது பள்ளியின் மைதானம். என் கோ-கோ பிள்ளைகள் மாவட்டத்தில் எந்தப் பள்ளியையும் கண்டு பயந்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்து ஓடும் அந்த ஒரு நொடியை நானே உட்கார்ந்து, எழுந்து, ஓடிக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தேன். வாயால் சொல்லி வராத விஷயம் அது.

முதல் ஆபரேஷன் கர்ப்பப்பையில் வந்த கட்டிக்காக. கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அப்போது என்னைப் பார்த்துக்கொள்ளக் குள்ளஞ்சாவடியிலிருந்து மதலேன் அண்ணி வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஐந்து பிள்ளை பெற்றவர், கணவரை இழந்தவர், முந்திரித் தோப்பிலும் களத்திலும் மூட்டை சுமந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் வயிறு கட்டிவிடுவது அவர்தான். பழைய பருத்திப் புடவையை நீளவாக்கில் மடித்து, இடுப்பைச் சுற்றி, முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்துக் கட்டுவார். மூச்சு முட்டும். அப்படிக் கட்டினால்தான் சரிந்த வயிறு மேலே ஏறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

எனக்குப் பிறந்தது பிள்ளை இல்லை, வயிற்றிலிருந்து எடுத்தது கட்டி என்பதெல்லாம் அண்ணிக்கு ஒரு பொருட்டே இல்லை. வயிற்றைத் திறந்தால் பிள்ளைப்பேறுதான். வயிறு கட்டினார். பத்தியம் போட்டார். வாழைப்பழம் குளிர்ச்சி, கீரை செரிக்காது, தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிக்கொள்ளும். பூண்டுக் குழம்பும் கருவாடும் சுடுசோறும்தான். தாகம் எடுத்தால் நாக்கை நனைத்துக்கொள்ளலாம். அதன் பலன் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. குவார்ட்டர்ஸ் கக்கூசில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வர முக்கிவிட்டு வெளியே வருவேன். அண்ணி வாசலிலேயே நின்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைப்பார். தலை வாரிவிடுவார், கால் அமுக்கிவிடுவார். என் அம்மா இருந்திருந்தால் கூட அப்படிச் செய்திருப்பாரா தெரியாது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தையல் ஆறியதும் மைதானத்துக்குத் திரும்பிவிட்டேன். சில வருஷம் கழித்து ஒரு நாள் அடுப்பில் மிளகாய் தாளித்தேன். நெடி ஏறி ஒரு தும்மல் வந்தது. தொப்புளுக்குக் கீழே, பழைய தையல் ஓடிய இடத்தில், உள்ளேயிருந்து யாரோ விரலால் குத்தியதுபோல் இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு புடைப்பு. படுத்ததும் மறைந்துவிட்டது, எழுந்ததும் திரும்பவும் வந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. புடவையை அதன்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். எலுமிச்சை சாத்துக்குடியானது. ஒரு நாள் காலை பிரேயர் முடிந்ததும் வலி பிடுங்கியது. புடைப்பு உள்ளே போகவில்லை, கல் மாதிரி நின்றது. படுத்து, கையால் மெல்ல அழுத்தி, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக உள்ளே போனது. அன்று மாலையே என் வீட்டுக்காரர் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சர்ஜன் இளவயதுக்காரர். வந்ததும் வராததுமாக, "இருமுங்க" என்றார். இருமினேன். புடைப்பின்மேல் கையை வைத்தபடி, "இன்னொரு தடவை" என்றார். பிறகு ஸ்கேன், ரத்தம், ஈ.சி.ஜி. என்று ஒவ்வொரு அறை வாசலிலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் "உங்களுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் வயிற்றைக் காட்டினேன். "எத்தனை மாசம்?" என்று கேட்டாள் ஒருத்தி. அவளை அப்போதே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு வந்திருந்ததை இன்சிஷனல் ஹெர்னியா என்றார் டாக்டர். ஆபரேஷனுக்காகக் கிழித்துத் தைத்த இடத்தில் வயிற்றுச் சதை சரியாகச் சேராமல் சந்து விட்டுவிடும். வயிற்றுக்குள்ளே அழுத்தம் ஏறும்போதெல்லாம் குடல் அந்தச் சந்து வழியாக எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்தது உள்ளே திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடும். அன்று காலை எனக்கு அதன் ஓரம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. சந்தை அடைத்து, அதன்மேல் கொசுவலை மாதிரி ஒரு வலையை வைத்துத் தைக்க வேண்டும். அதை மெஷ் என்கிறார்கள். போகப் போக அந்த வலைக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

கம்பெனி ஊழியரின் மனைவி என்பதால் செலவைப் பற்றிய பயம் எங்களுக்கு இல்லை. என் பயம் வேறு. செய்தி கேட்டதும் அண்ணி பஸ் பிடித்து வந்து இறங்கினார். வாசற்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன். வயசுப் பொண்ணாட்டம் குதிச்சிக்கினு, ஓடிக்கினு. வயிறு இன்னா இரும்பா? தையல் பிரியாம இன்னா பண்ணும்?"

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களும் தலையை ஆட்டினார்கள். எனக்கே அது நியாயமாகப் பட்டது. நான் ஆசைப்பட்டு ஓடிய ஓட்டம்தான் என் வயிற்றைப் பிரித்துவிட்டது என்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் வலியைவிட அதிகமாக என்னைத் தின்றது.

பள்ளிக்கு மே மாத லீவு விட்டதும் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட், கையில் சலைன், சிறுநீர் போக ஒரு ட்யூப். அந்த ட்யூப்புக்குக் கதீட்டர் என்று பெயர். முதல் இரண்டு நாள் வலியைப் பற்றி எழுதுவதாக இல்லை. வலித்தது, அவ்வளவுதான். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். அது உதவியது. உங்களுக்கும் உதவும்.

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை என்று ஒரு பெண் இருந்தாள். மந்தாரக்குப்பம் பக்கம். காண்ட்ராக்டில், நிலக்கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிக் கொட்டுகிற வேலை. அவளுக்கும் குடலிறக்கம்தான். என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் 'குனியாதே தூக்காதே' என்று பாடுவதைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் சிரித்துவிட்டாள்.

"உங்களுக்குத்தான் டீச்சர் இதெல்லாம் சொல்றாங்க. என்னியப் பாக்க வர்ற மேஸ்திரி, எப்ப வேலைக்கு வருவன்னுதான் கேட்டுக்கினு போறாரு. என் வயித்த யாரும் தூக்காதன்னு சொல்லல."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை யாரும் காப்பாற்றவில்லை, என்னை எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிக் கொல்கிறார்கள் என்று தோன்றியது.

அன்று மாலை எங்கள் தலைமை ஆசிரியை சிஸ்டர் திராட்சைப் பழத்தோடு வந்தார். என் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். போகும்போது, "கவலையே படாதீங்க டீச்சர். லைப்ரரியில உங்களுக்கு மின்விசிறிக்குக் கீழயே மேஜை போடச் சொல்லிட்டேன். கிரவுண்டுக்குப் புதுசா ஒரு பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் திராட்சையைக் கழுவப் போனார்.

சிஸ்டர் கதவைத் தாண்டியதும் கேட்டேன். "யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"பிலோ, கோவிச்சுக்காத. உன் நல்லதுக்குத்தான்."

"நான் உங்க தெர்மலுக்கு வந்து, இவருக்கு வயசாகுது, இனிமே இவரை கேட்ல உட்கார வைங்கன்னு சொன்னா சும்மா இருப்பீங்களா?"

"சரி, லைப்ரரி வேணாம்னா கிரவுண்டுலயே ஒரு சேர் போட்டு உட்காந்துக்க. விசில் மட்டும் ஊது. பிள்ளைங்க ஓடட்டும்."

நான் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுதேன் என்று சொல்லிவிடுகிறேன். தையல் வலிக்க வலிக்க அழுதேன். நாற்பது வயதில் ஒருத்தியை மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடலாம், அதற்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுகூட இல்லை. அதுவும் என்மேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர்தான் அதைச் செய்தார்.

மறுநாள் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது சண்டைக்குத் தயாராக இருந்தேன். "டாக்டர், ஒரே கேள்வி. நான் குதிச்சதாலதான் இது வந்துச்சா?"

"எதனால வந்துச்சுன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல யாராலயும் முடியாதும்மா" என்றார். "தையல் ஆறும்போது கிருமி, சர்க்கரை, உடம்பு பருமன், விடாத இருமல், மலச்சிக்கல், எது வேணும்னாலும் இருக்கலாம். ஏன் கேக்கறீங்க?"

நான் கொட்டித் தீர்த்தேன். கிரவுண்டு, லைப்ரரி, சேர், விசில் எல்லாவற்றையும்.  அவர் நர்ஸிடம் ஏதோ கொண்டுவரச் சொன்னார். "ட்யூப்பை இன்னிக்கு எடுக்கத்தான் போறேன். எடுக்கறதுக்கு முன்னாடி உங்க வயித்தையே கேட்டுப் பாத்துடலாமா? உங்களுக்குச் சம்மதம்னா."

அவர் செய்தது இதுதான். கதீட்டரோடு ஒரு புதிய, நீளமான, கண்ணாடிபோல் தெளிவான ட்யூப்பைச் சேர்த்தார். அதில் சுத்தமான சலைனை நிரப்பி, சலைன் ஸ்டாண்டில் மேலே வரைக்கும் தூக்கிக் கட்டினார். பக்கத்திலேயே ஒரு அளவுகோலை பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். சிறுநீர்ப்பை வயிற்றுக்குள்தான் இருக்கிறது. அதனால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினால் அதையும் சேர்த்து அமுக்கும், ட்யூப்பில் தண்ணீர் மேலே ஏறும். அழுத்தம் இறங்கினால் தண்ணீரும் இறங்கும். பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் கூச்சத்தைப் பார்த்தால் எனக்கு லைப்ரரிதான் மிஞ்சும்.

சும்மா படுத்திருந்தேன். தண்ணீர் கீழேயே நின்றது. தலையணையைப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார். இருமினேன். தண்ணீர் ஒரே எம்பில் ஸ்டாண்டின் உச்சிக்குப் போய் வெளியே தெறித்தது. நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அஞ்சலை கைதட்டினாள்.

"இப்ப எழுந்து உக்காருங்க, நீங்க எப்பவும் எழுந்திருக்கற மாதிரி" என்றார். எப்போதும்போல மல்லாந்தபடியே எக்கி எழுந்தேன். தண்ணீர் மடமடவென்று ஏறியது. "மறுபடி படுங்க. இப்ப ஒருக்களிச்சு, கையை ஊனி, மூச்சை விட்டுக்கிட்டே எழுந்திருங்க." ஒருக்களித்து எழுந்தேன். தண்ணீர் லேசாக அசைந்து நின்றது. அதே எழுந்திருப்பதுதான், அதே வயிறுதான்.

நின்றேன். நின்றாலே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும் என்றார். அலமாரியிலிருந்து தண்ணீர் நிறைந்த கூஜாவைத் தூக்கச் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் ஏறியது. மூச்சை விட்டபடி, உடம்போடு ஒட்டித் தூக்கினால் முன்பு நின்ற இடத்துக்குக் கொஞ்சம்தான் மேலே போனது. இருமலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. என் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். "இதையும் பாத்துடலாம் டாக்டர்" என்று எடுத்து, மைதானத்தில் ஊதுவதுபோல ஊதினேன். வார்டே திடுக்கிட்டது. தண்ணீரும்தான். கூஜா தூக்கியபோது ஏறியதைவிட நன்றாகவே ஏறியது.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஆக, உங்களுக்கு ஆகாதுன்னு சொன்ன தூக்கறதைவிட, ஆகும்னு சொன்ன விசில்லதான் அழுத்தம் அதிகம்."

அப்போதுதான் மதலேன் அண்ணி வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். என் பெல்ட்டுக்குமேல் மடித்த புடவை ஒன்று தளர்ந்து தொங்குவதை டாக்டர் கவனித்தார். அதிகாலையில் நர்ஸ் வருவதற்கு முன்பே அண்ணி வழக்கம்போல் கட்டிவிட்டிருந்தார். சோதனைக்காக நான்தான் முடிச்சை அவிழ்த்திருந்தேன்.

"இதை யாரு கட்டினது?"

"நாந்தான் கட்டினேன்" என்றார் அண்ணி. "நீங்க போட்ட பெல்ட்டு லொடலொடன்னு கெடக்குது. அதுல இன்னா நிக்கும்?"

"அப்ப எனக்கு முன்னாடி ஒரு தடவை கட்டிக் காட்டுங்க, பார்க்கலாம். முழங்கால் வேண்டாம், கையாலயே இழுங்க. பாதிக்குமேல போகாதீங்க."

அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். பெருமையாகத்தான் வந்தார். புடவையைச் சுற்றி இழுத்தார். தண்ணீர் ஏறியது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். இன்னும் ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது. இருமலுக்கு ஏறியது ஒரு நொடியில் இறங்கிவிட்டது. இது இறங்கவே இல்லை. அண்ணி கையைத் தளர்த்தினார், தண்ணீர் இறங்கியது. நம்பாமல் மறுபடி இழுத்தார், ஏறியது. 

"நான் போட்டது தாங்கிப் பிடிக்கறதுக்கு" என்றார் டாக்டர், கோபமில்லாமல். "இது அமுக்கறதுக்கு. மேல அமுக்கினா உள்ள இருக்கறது எங்கம்மா போகும்? எங்க பலவீனமோ அந்தப் பக்கமா, இல்லைன்னா கீழ. அதோட மலச்சிக்கலும் சேந்தா கேக்கவே வேணாம். தண்ணி குடிக்கட்டும். பழம் சாப்பிடட்டும்."

அண்ணி ட்யூப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த ட்யூப்புல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு, புடவையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள், "வூட்ல முந்திரிக்கொட்ட காயுது, யாரும் அள்ளி வெக்க மாட்டாங்க" என்று பஸ் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு அண்ணிமேல் ஆத்திரம் இருந்தது. என் முதல் தையலைக் கெடுத்தது அந்தக் கட்டும் பத்தியமும்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருஷம் குதிக்காதே என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் என் ஓட்டத்தின்மேல் பழியைப் போட்டு, என்னையும் நம்ப வைத்து, மைதானத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தப்புச் செய்கிறவள்போல் என்னைப் போக வைத்தார்களே, அந்த ஆத்திரம். அதே சமயம், வார்டில் தரையில் துண்டு விரித்துப் படுத்துக்கொண்டு, நான் அசைந்தால் எழுந்து பார்த்தவரும் அவர்தான். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் வைத்தியத்தை நானே பார்த்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதைத் தாண்டவும் இல்லை, சொல்லாததற்குப் பயப்படவும் இல்லை. பப்பாளியும் வாழைப்பழமும் கீரையும் தின்றேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். எழுந்திருப்பதென்றால் ஒருக்களித்துத்தான். கக்கூசில் முக்குவதே இல்லை என்று முடிவு. ஷிப்டு பஸ்ஸில் ஆட்கள் போகிற நேரத்துக்கு நான் பிளாக்கைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் ரசம் வைப்பார். அதில் புளியைத் தவிர வேறெதுவும் தெரியாது. நான் சொம்பைத் தூக்கினால் ஓடி வந்து வாங்குவார்.

"விடுங்க. சொம்பு தூக்கி யாரும் சாகல."

"உன்னை மாதிரி பிடிவாதக்காரிய நான் பார்த்ததில்ல."

"பாத்துக்கிட்டே இருங்க."

ஜூன் நெருங்கும்போது அண்ணி திரும்பி வந்தார். கையில் பலாப்பழம், முகத்தில் பழைய மாதிரி ஒன்றுமில்லை என்கிற பாவனை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் அடுக்களையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளையைப் பிரித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏ பிலோ. அந்த டாக்டரு, கீழயும் எறங்கும்னு சொன்னாரே. எறங்குனது மறுபடி மேல ஏறுமா?"

"யாருக்கு அண்ணி?"

 சுளையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். 

"எனக்குத்தான். கடைசிப் புள்ள பொறந்த பின்னாடி அடி எறங்கிப்போச்சி. மூட்ட தூக்குனா வெளிய வந்துரும். ஒண்ணுக்கு அடங்காது. யார்கிட்ட போயிச் சொல்றது? தெனமும் குளிச்சிட்டு நானே இழுத்துக் கட்டிக்கினு வேலைக்குப் போவேன். மேலயே நிக்கட்டும்னுதான் கட்டினேன். அன்னைக்கி அந்தத் தண்ணி ஏறுனதப் பாத்ததும் எனக்கு ரோசன வந்துடுச்சி. இத்தினி வருசம் நானேதான் அமுக்கிக்கினு இருந்தேனா?"

நான் எழுந்து போய் அவர் புடவைக்கட்டுக்கு மேலே கையை வைத்தேன். உள்ளே இருந்த கட்டு பலகைபோல் இருந்தது. என் ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை. இந்தக் கட்டோடுதான் எனக்குக் கால் அமுக்கிவிட்டார், இந்தக் கட்டோடுதான் வார்டில் தரையில் படுத்தார். வாய்விட்டு அழுதேன். அண்ணி பலாப்பால் ஒட்டிய கையோடு என் கண்ணைத் துடைக்க வர, "முகத்துல ஒட்டிடும் அண்ணி" என்று கத்தினேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த நாளே பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதைக் கர்ப்பப்பை இறக்கம் என்கிறார்கள். கர்ப்பப்பையைத் தாங்கும் அடித்தளச் சதை தளர்ந்து, பை பிள்ளை வரும் வழியிலேயே சரிந்து இறங்கிவிடுவது. இப்போதைக்கு ரப்பர் வளையம் வைத்துத் தாங்க வைக்கலாம், முந்திரி வேலை முடிந்ததும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார். நிறைய பெண்களுக்கு இருக்கிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை என்றும் சொன்னார். வெளியே வந்த அண்ணி பஸ் ஸ்டாப்பில் நின்று நன்றாக ஒரு மூச்சை இழுத்துவிட்டார். இடுப்பில் கட்டு இல்லாமல் அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

என் சர்ஜனையும் பார்த்தேன். தையலைத் தொட்டுப் பார்த்தார், இருமச் சொன்னார், வலை நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார்.

"கிரவுண்டுக்குப் போகலாமா?"

"நீங்க இனிமே தும்மவே மாட்டேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அது எப்படி முடியும்?"

"அப்ப கிரவுண்டுக்கும் போங்க. முதல்ல நடை. அப்புறம் மெதுவா ஓட்டம். குதிக்கறதெல்லாம் கடைசியா. வலிச்சா அங்கயே நிறுத்திட்டு என்கிட்ட வாங்க. மறுபடி வராதுன்னு என்னால உத்தரவாதம் தர முடியாது. ஆனா லைப்ரரியில உக்காந்தாலும் அதே உத்தரவாதம்தான்."

பள்ளி திறந்த அன்று காலை தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் வந்தார். அண்ணியை யாரும் கூப்பிடவில்லை, அவரும் வந்தார். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் நல்லவர்தான். என்மேல் அக்கறை உள்ளவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி டீச்சர், நாளைக்கே கிரவுண்டுல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்றார்.

"என் வயிறு, சிஸ்டர். நான்தான் பொறுப்பு."

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதுபோலக் காத்திருந்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.  இந்த மனிதர் இப்போது என்ன சொல்வாரோ அதுதான் இனி என் ஆயுசு.

கதவோரம் நின்றிருந்த மதலேன் அண்ணி முன்னால் வந்தார்.

"அவன இன்னாத்துக்கு சிஸ்டர் பாக்கறீங்க? வயிறு அவனுதா?"

 என் வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, "அக்கா சொல்றது சரி. அவ வயிறு அவளுது. என்னைக் கேட்காதீங்க சிஸ்டர்" என்றார். 

வெளியே முதல் பீரியட் பெல் அடித்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றி வராந்தாவில் விட்டுவிட்டு, மூச்சை மெல்ல விட்டபடி அவர்களை நோக்கி நடந்தேன்.